மணல், லேசர், காது

"பி.காம் படிக்கிறவனுக்கு லேசர் எதற்கு?" என்று வகுப்பில் கேட்பார்கள், தெரியும். ஆனாலும் இதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

சத்தம் என்பது அதிர்வு. அந்த அதிர்வைக் கண்ணால் பார்க்க முடியுமா? முடியும் என்று 1787-லேயே காட்டியவர் ஜெர்மனியின் கிளாட்னி. தகட்டின் மேல் மணலைத் தூவி, விளிம்பில் வயலின் வில்லை இழுத்தார். ஆடும் இடங்களிலிருந்து துள்ளிய மணல் ஆடாத கோடுகளில் போய்ச் சேர்ந்தது. கோலம் போட்ட மாதிரி!

மிருதங்கத்தின் மேல் மணல் தூவிப் பார்த்தவர் நம்ம சர் சி.வி.ராமன். சாதாரண மேளத்தோலின் ஒலிகள் ஒன்றோடொன்று இசையாது. மிருதங்கத்தின் நடுவில் அப்பியிருக்கும் கரணையோ தோலின் எடையை மாற்றி, ஒன்பது வகை அதிர்வுகளை ஒன்றுக்கொன்று பொருந்தும் ஐந்து ஒலிகளாகச் சேர்த்துவிடுகிறது. இதை 1934-ல் அவர் விளக்கினார்.

மணலுக்கு ஒரு குறை. தட்டையான பரப்பில்தான் நிற்கும். எந்த இடம் எவ்வளவு ஆடுகிறது என்றும் சொல்லாது. 1965-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பவல், ஸ்டெட்சன் இருவரும் லேசர் ஹோலோகிராம் மூலம் இதற்கு வழி கண்டார்கள். அதிரும் பொருளில் பட்டுத் திரும்பும் ஒளியும், நேராக வரும் ஒளியும் கலந்து பதிவாகும். அசையாத இடம் பளிச்சென்று தெரியும். அசையும் இடத்தில் வெளிச்சமும் இருட்டுமாக வரிகள் விழும், வரைபடத்தில் மலையின் உயரத்தைக் காட்டும் கோடுகள் மாதிரி. வரிகளை எண்ணினால், ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அசைவுகூடத் தெரிந்துவிடும்.

எங்கள் மங்கலம்பேட்டைக்குப் பக்கத்திலிருக்கும் விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போனது. கோப்பை வாங்கும்போது விரலால் சுண்டிப் பார்ப்போம். 'ணங்' என்றால் நல்லது, 'டொக்' என்றால் விரிசல். எங்கே விரிசல் என்று விரலுக்குத் தெரியாது. அந்த இடத்தில் வரிகள் கோணலாகிவிடுவதால் லேசர் அதையும் காட்டும், பொருளை உடைக்காமலே.

ஆனால் என்னை யோசிக்க வைத்தது வேறு. கரணையை எவ்வளவு அப்ப வேண்டும் என்று ராமனுக்கு வெகுகாலம் முன்பே, வெறும் காதை வைத்துக் கண்டுபிடித்தவர்கள் மிருதங்கம் செய்யும் தொழிலாளர்கள். ராமனின் பெயர் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அவர்கள் பெயர்? அவர்களைப் பற்றி டி.எம்.கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு புத்தகம் எழுதினார், அதுவும் 2020-ல்தான்.

கணக்கியலில் நற்பெயருக்குக்கூட ஒரு மதிப்புப் போட்டு இருப்புநிலைக் குறிப்பில் ஏற்றுகிறோம். அந்தக் காதுகளை எந்தக் கணக்கில் ஏற்றுவது?