பொட்டிக்கு மூளை மாற்று சிகிச்சை

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. ஒட்டடை அடிச்சிட்டுத்தான் எழுத ஆரம்பிக்கிறேன். ஆணி அதிகம்னு வழக்கமான சாக்கு சொல்லலாம், ஆனா இந்தத் தடவை நிஜமாவே ஒரு ஆபரேஷன் நடந்துச்சு வீட்டுல. நோயாளி நம்ம ஹால் மூலையில் உட்கார்ந்திருக்கிற கம்ப்யூட்டர்.

2018-ல நேரு பிளேஸில் ஒவ்வொரு பாகமா பேரம் பேசி வாங்கிச் சேர்த்த பொட்டி. ரைசன் 5 1600 ப்ராசசர், பி350 மதர்போர்டு. நல்லாத்தான் உழைச்சுது. 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் முடிஞ்சுது. விண்டோஸ் 11 போடலாம்னா, முதல் தலைமுறை ரைசன் மைக்ரோசாஃப்ட் லிஸ்ட்லயே இல்லை. புதுசா ஒண்ணு வாங்கலாம்னா 2025 கடைசியில ராம் விலை ஏறின ஏத்தத்துல தங்கமணி முகத்தைப் பார்க்கவே பயமா இருந்துச்சு. சரி, ப்ராசசரை மட்டும் மாத்திடுவோம்னு 2026 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை ஆர்.கே.புரத்துல மெட்ரோ ஏறி, கால்காஜி மந்திர்ல மாறி, நேரு பிளேஸ் போய் இறங்கினேன்.

கடைக்காரர்கிட்ட போர்டு பேரைச் சொல்லி, ரைசன் 5 5600 இதுல வேலை செய்யுமான்னு கேட்டேன். "லகா தோ, சல் ஜாயேகா"ன்னார். மாட்டிடுங்க, ஓடிடும். தில்லியில எதைக் கேட்டாலும் கிடைக்கிற பதில் இது. 19 வருஷ அனுபவத்துல அந்த வாக்கியத்தைக் கேட்டாலே வயித்தைக் கலக்கும். வெளியே வந்து கோவையில் இருக்கிற அக்கா பையனுக்கு போன் போட்டேன். இன்ஜினியரிங் மூணாவது வருஷம், ஹாஸ்டல்ல பாதிப் பேர் பொட்டியைத் திறந்து பார்த்தவன்.

"ஓடும் மாமா, ஆனா அப்படியே மாட்டினா ஓடாது. இப்ப இருக்கிற பயாஸுக்கு 5600-ன்னு ஒண்ணு இருக்கிறதே தெரியாது. பழைய 300 சீரிஸ் போர்டுக்கெல்லாம் 2022-லதான் ஏஎம்டி அனுமதி கொடுத்தாங்க. போர்டு கம்பெனி சைட்ல சிபியு லிஸ்ட் இருக்கும். அதுல 5600-க்கு நேரா எந்த பயாஸ் வெர்ஷன் போட்டிருக்குன்னு பாருங்க. பழைய ப்ராசசர் உள்ள இருக்கும்போதே அதை ஏத்திடணும். ரெண்டும் 65 வாட்தான், அதனால பவர் சப்ளை மாத்த வேணாம்."

அப்புறம் ரெண்டு கேள்வி கேட்டான். "பேக்கப் எடுத்தாச்சா மாமா? பிட்லாக்கர் ஏதாவது போட்டிருக்கீங்களா?"

முதல் கேள்விக்கு "எல்லாம் இருக்குடா"ன்னேன். பொய். ரெண்டாவதுக்கு "அதெல்லாம் இல்லடா"ன்னேன். இது பொய் இல்லை, மறதி. ரெண்டும் சேர்ந்துதான் அன்னிக்கு ராத்திரி என்னைக் கவிழ்த்துச்சு.

பயாஸ் ஏத்துறப்ப கரண்ட் போனா போர்டே போயிடும். அதனால யூபிஎஸ்ல மாட்டி, பென் டிரைவ்ல ஃபைலைப் போட்டு, அரைமணி நேரம் பம்மிப் பம்மி வேலை பார்த்தேன். நூறு சதவீதம்னு வந்தப்ப எனக்கே கைதட்டிக்கலாம்னு தோணிச்சு. பொட்டி திரும்ப ஆன் ஆச்சு. விண்டோஸ் வரலை. நீல ஸ்க்ரீன்ல ஒரே ஒரு கட்டம். 48 இலக்க ரெகவரி கீயைப் போடுன்னு கேக்குது.

2020-ல வீட்டுலேர்ந்து வேலை பார்த்தப்ப, ஆபீஸ் ஃபைல் இருக்கேன்னு நானே பிட்லாக்கர் போட்டது அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. அந்தப் பூட்டோட சாவி ப்ராசசருக்குள்ள இருக்கிற டிபிஎம்கிட்ட இருக்கும். பயாஸ் மாறினதும் அது என்னை அந்நியனாப் பார்த்துடுச்சு. ஹார்ட் டிஸ்கைக் கழட்டி வேற பொட்டியில மாட்டினாலும் அந்த 48 இலக்கம் இல்லாம ஒரு போட்டோகூடத் திறக்காது.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். 2019 டிசம்பர்ல அப்பா எங்களோட மூணு வாரம் வந்து இருந்தார். அந்த வருஷக் குளிர் தில்லிக்காரங்களுக்கே மறக்காது. மங்கி கேப்பும் ரெண்டு ஸ்வெட்டருமா மலை மந்திர் படியேறினதையும், பால்கனி வெயில்ல உட்கார்ந்து கும்பகோணத்துக் கதை பேசினதையும் போன்ல வீடியோ எடுத்து இந்தப் பொட்டியில போட்டு வெச்சிருந்தேன். 2021-ல அப்பா போயிட்டார். அக்கா கேட்டுக்கிட்டே இருந்தா. "அப்பா பேசினது இருக்குன்னியே, அனுப்புடா"ம்பா. "பெரிய ஃபைல்க்கா, ஊருக்கு வரும்போது எடுத்துட்டு வரேன்"ம்பேன். நாலு வருஷத்துல மூணு தடவை ஊருக்குப் போய் வந்தாச்சு. போனும் மாத்தியாச்சு. இருக்கிற ஒரே காப்பி இந்த நீல ஸ்க்ரீனுக்குப் பின்னாடி.

ராத்திரி பதினொண்ணரைக்கு அக்கா பையனைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். தாத்தா வீடியோன்னதும் ஒரு நிமிஷம் பேசலை. திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லைன்னு இருந்துச்சு. அப்புறம், "பூட்டுப் போடும்போது கீயை எங்கயாவது சேவ் பண்ணாம விடாது மாமா. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட், இல்ல ஃபைல், இல்லன்னா பிரிண்ட். எது பண்ணீங்கன்னு யோசிங்க"ன்னான்.

அக்கவுண்ட்ல இல்லை. ஃபைலா வெச்சிருந்தா பூட்டின பொட்டிக்குள்ளயே இருக்கும். பீரோவைக் குடைஞ்சுக்கிட்டு இருந்தப்ப தூக்கக் கலக்கத்துல தங்கமணி வந்து, "நம்பர் நம்பரா இருந்த ஒரு பேப்பரா? எல்ஐசி ஃபைல்ல வெச்சேனே"ன்னாங்க. என்ன பேப்பர்னு தெரியாம, ஆனா தூக்கியும் போடாம, பாலிசிகளுக்கு நடுவுல ஆறு வருஷமா வெச்சிருக்காங்க. ஸ்க்ரீன்ல இருந்த அடையாள எண்ணும் பேப்பர்ல இருந்ததும் ஒத்துப் போச்சு. ஆறு ஆறா எட்டுத் தொகுதி. அவங்க வாசிக்க வாசிக்க நான் தட்டினேன். திறந்துடுச்சு.

அன்னிக்கு ராத்திரி வேற எதையும் தொடலை. அப்பா வீடியோ எல்லாத்தையும் எக்ஸ்டர்னல் டிஸ்க்ல ஒரு காப்பி, பென் டிரைவ்ல ஒரு காப்பி. பிட்லாக்கரை முழுசா எடுத்துட்டுத்தான் படுத்தேன்.

மறுநாள் ஆபரேஷன், வீடியோ கால்ல டாக்டர் கோவையிலிருந்து. அவன் சொன்ன வரிசையை அப்படியே கொடுக்கிறேன், யாருக்காவது உதவும்.

பொட்டியை அரைமணி நேரம் ஓட்டிட்டுத்தான் அணைக்கணும். ப்ராசசருக்கும் ஃபேனோட இருக்கிற கூலருக்கும் நடுவுல இருக்கிற பேஸ்ட் வருஷக்கணக்குல இறுகியிருக்கும், சூட்டுல இளகும். அணைச்சதும் பிளக்கைப் பிடுங்கிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி மிச்ச கரண்டையும் இறக்கணும். ஸ்வெட்டரைக் கழட்டிடணும். தில்லி குளிர்ல ஸ்வெட்டர் கழட்டும்போது படபடன்னு பொறி பறக்குமே, அது போதும் சிப்பைக் கொல்ல. அப்புறம் கேபினெட்டோட வெறும் இரும்பைத் தொட்டுக்கணும்.

கூலரோட நாலு ஸ்க்ரூவையும் குறுக்குக் குறுக்கா கொஞ்சம் கொஞ்சமா தளர்த்தணும். நேரா மேல இழுக்கவே கூடாது. இந்த வகை ப்ராசசர்ல 1331 பின்னும் அதோட அடியிலேயே இருக்கு. இழுத்தா லீவர் பூட்டியிருக்கும்போதே ப்ராசசரும் சேர்ந்து பிடுங்கிக்கிட்டு வந்து பின் வளைஞ்சுடும். மிக்ஸி ஜாரைத் திருகிற மாதிரி இடமும் வலமும் மெதுவா திருகி, விடுபட்ட பிறகுதான் தூக்கணும். எனக்கு நாலாவது திருகலில் விட்டுச்சு.

புதுசை வைக்கும்போது மூலையில இருக்கிற தங்க முக்கோணத்தை சாக்கெட்ல இருக்கிற முக்கோணத்தோட பொருத்தி, வெறுமனே விடணும். தன் எடையிலேயே உட்காரும். அழுத்தினா தப்பு. அப்புறம் லீவர். டப்பாவோட வந்த கூலர்ல பேஸ்ட் ஏற்கெனவே தடவியிருந்துச்சு, அதனால தனியா தடவலை. ஃபேன் வயரை மறக்காம மாட்டணும்.

ஆன் பண்ணதும் கொஞ்ச நேரம் ஸ்க்ரீன் இருட்டா இருந்துச்சு. "பொறுங்க மாமா, ராமைப் பரிச்சயம் பண்ணிக்குது"ன்னான். அப்புறம் டிபிஎம்மை அழிக்கட்டுமா, ஆமாவா இல்லையான்னு கேட்டுச்சு. முந்தின நாள் ராத்திரி மட்டும் பூட்டை எடுக்காம இருந்திருந்தா இங்கயும் மாட்டியிருப்பேன். தைரியமா ஆமான்னேன். சூடு 40 டிகிரியைச் சுத்தியே இருந்துச்சு. ஒரு வாரத்துல விண்டோஸ் 11-ம் வந்தாச்சு :-)

பென் டிரைவைக் கூரியர்ல அக்காவுக்கு அனுப்பினேன். சேர்ந்த அன்னிக்கு சாயங்காலம் போன். ஹலோன்னுகூடச் சொல்லலை. பின்னாடி டிவியில அப்பா குரல், "இந்தக் குளிர்ல எப்படிடா இருக்கீங்க நீங்கல்லாம்". முழுசும் ஓடி முடியற வரைக்கும் ரெண்டு பேரும் லைன்லயே இருந்தோம்.

ப்ராசசர் மாத்துறீங்களோ இல்லையோ, இன்னிக்கு ராத்திரி அந்த ஒரு காப்பியை எடுத்து வெச்சுடுங்க மக்களே.