போர்ச்சுகல்: ஒரு ரோடு, ரெண்டு மாசம், ஒரு பஞ்சாயத்து

லிஸ்பன், போர்ட்டோன்னு ரெண்டு ஊரைப் பாத்துட்டு, படம் புடிச்சுப் போடறவங்க நெறைய பேர். எனக்கு ஆசை என்-2 ரோட்டு மேல. வடக்கே ஸ்பெயின் எல்லைக்குப் பக்கத்துல இருக்கற ஷாவெஷ்ல ஆரம்பிச்சு, தெக்கே ஃபாரு வரைக்கும் நாட்டை நடுவால வகுந்துட்டுப் போற 739 கி.மீ. ரோடு. 1945ல வந்த நம்பர். பெரிய மோட்டார்வே எல்லாம் வந்தப்புறம் இதை யாரும் சீண்டல. இப்ப மறுபடி மவுசு. சின்னதா ஒரு பாஸ்போர்ட் புத்தகம் வாங்கி, ஊருக்கு ஊர் முத்திரை குத்திக்கலாம். பொண்ணு அதுக்காகவே வரேன்னுட்டா.

கார் போர்ட்டோவுல எடுத்து ஃபாருல விடறதா திட்டம். வேற ஊர்ல விட்டா தனியா ஒரு தொகை தீட்டுவாங்க, இருந்தாலும் திரும்பி வர்ற டீசல் செலவுக்கு அதுவே தேவலை. டீசல்னதும் ஞாபகம் வருது. அங்க பங்க்ல 'கசோலியு'ன்னு போட்டிருந்தா அதுதான் டீசல். கேஸோலின் மாதிரியே இருக்கேன்னு பெட்ரோல் காருக்கு ஊத்திடாதீங்க மக்களே! பெட்ரோல்னா 'கசோலினா'. டோல் பத்தின பழைய எச்சரிக்கைகளைப் படிச்சு ரொம்பவும் பயப்பட வேணாம். ஏ-22, ஏ-24 மாதிரி சில ரோடுகள்ல 2025 ஜனவரி 1லேர்ந்து கட்டணத்தையே எடுத்துட்டாங்க. லிஸ்பன் - போர்ட்டோ ஏ-1ல வழக்கம்போல கட்டணும்.

இதெல்லாம் சில்லறை. பஞ்சாயத்தே எப்பப் போறதுங்கறதுலதான். தங்கமணி ஆகஸ்ட்ங்கறாங்க. ஸ்கூல் லீவு, ஆபீஸ் லீவு, கடைசியில ஃபாரு கடல்ல குளியல்னு எல்லாமே பொருந்தி வருது. நியாயம்தான். நான் ஏப்ரல்ங்கறேன், அதுக்குக் காரணம் 2017.

அந்த வருஷம் ஜூன் 17 அன்னிக்கு பெட்ரோகாவ் கிராண்டே பக்கம் காடு பத்திக்கிச்சு. 66 பேர் போயிட்டாங்க. அதுல 47 பேர் என்-236-1ங்கற ஒரே ரோட்டுல, காருக்குள்ளயும், காரை விட்டு இறங்கி ஓடின எடத்துலயும். தீயிலேர்ந்து தப்பிக்கத்தான் கார்ல ஏறினாங்க! மேப்புல பாத்தா, நம்ம என்-2 அந்த பெட்ரோகாவ் கிராண்டே வழியாவேதான் போகுது. சுத்தி மலை, குறுகலான ரோடு, ரெண்டு பக்கமும் காகிதக் கூழுக்காக வளத்த தைல மரம். எண்ணெய் உள்ள மரம் எப்படி எரியும்னு சொல்லணுமா? அதே வருஷம் அக்டோபர்லயும் பெரிய தீ வந்ததால, 'செப்டம்பர் கடைசியில போயிடலாமே'ங்கற சமாதானமும் எனக்கு ஒத்து வரல.

"அதுக்காக கோடையில யாருமே அங்க போறதில்லையா?"ன்னாங்க தங்கமணி. போறாங்க. அங்க வானிலை மையம் தெனமும் ஊர்வாரியா தீ அபாயத்தை வெளியிடுது, அதைப் பாத்துப் போறவங்க லட்சக்கணக்குல இருக்காங்க. ஆனா பின்சீட்ல பொண்ணை வெச்சுக்கிட்டு தெனம் காலையில அந்த மேப்போட கலரைப் பாத்துட்டு வண்டிய எடுக்க எனக்கு மனசு வராது. அங்கயே பொறந்து வளந்து வழி தெரிஞ்சவங்களே மாட்டிக்கிட்ட எடம் அது. ஒரு நாள் பூரா பேசி, ஈஸ்டர் லீவுன்னு முடிவாச்சு. கடல் குளியல் கட், தண்ணி ஜில்லுன்னு இருக்கும்.

இன்னொரு நஷ்டமும் உண்டு. அலென்தேஜு பக்கம் தக்கை மரம் உரிக்கறதை ஏப்ரல்ல பாக்க முடியாது, அது கோடை வேலை. ஒருதடவை பட்டையை உரிச்சா அடுத்த உரிப்புக்கு 9 வருஷம் ஆகும். கணக்கு மறக்காம இருக்க, உரிச்ச வருஷத்தோட கடைசி நம்பரை மரத்துலயே பெயிண்ட்ல எழுதி வைப்பாங்க. 5னு இருந்தா 2025ல உரிச்சது, இனி 2034லதான். அப்ப பொண்ணு காலேஜ் வாசல்ல நிப்பா.

ஏப்ரல்ல டோரோ ஆத்துப் பக்கம் போனவங்க யாராச்சும் இருந்தா, மழை எப்படின்னு ஒரு வரி சொல்லிட்டுப் போங்கப்பா.