இசைக்கருவி யாருக்கு இடம் விடுகிறது?

தியானப் பகுதி: 1 கொரிந்தியர் 14:6-12, 2 நாளாகமம் 5:11-14





ஆராதனைக்கென ஒரு மேடைக் கீபோர்டு வேண்டும் என்று நம் வாலிபர்கள் விண்ணப்பம் கொடுத்திருப்பதை நீங்கள் அறிவீர்கள். கிதார், பேஸ் கிதார், டோலக் ஆகியவற்றோடு சேர்ந்து ஒரு சிறு வாத்தியக் குழுவாக அவர்கள் வாசிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். தாளமும் பேஸும் வயலினும் தானாகவே ஒலிக்கும் கருவியை வாங்கிவிட்டால் ஒருவரே போதும் என்பது சிலருடைய எண்ணம். புதுக்கருவி வந்தால் நம் கீர்த்தனைகள் மறைந்துபோகும் என்பது மூத்தோர் பலருடைய கவலை. இருதரப்பாரும் சபையை நேசித்தே பேசுகிறார்கள். கலசப்பாக்கத்திலும் ஆரணிப் பக்கத்துக் கிராமங்களிலும் தறியிலும் வயலிலும் உழைத்துப் பெற்ற கூலியிலிருந்து நீங்கள் எடுத்து வைக்கும் காணிக்கையால் வாங்கப்போகும் பொருள் இது. எனவே கடைக்குப் போகும் முன்பு வேதத்தின் வெளிச்சத்தில் இதைச் சிந்திப்பது நல்லது.

பவுல் அப்போஸ்தலன் கொரிந்து சபைக்கு எழுதும்போது, உயிரற்ற குழலையும் சுரமண்டலத்தையும் உவமையாக எடுக்கிறார். அவற்றின் ஓசைகள் வேறுபாடு தெரியாமல் ஒலித்தால், வாசிக்கப்படுவது இன்னதென்று கேட்பவன் எப்படி அறிவான் என்று வினவுகிறார். அந்த அதிகாரம் முழுவதிலும் அவர் கையில் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே: சபைக்குப் பக்திவிருத்தி உண்டாகிறதா? வாசிப்பவருடைய திறமையும் கருவியின் விலையும் இந்த அளவுகோலுக்கு உட்பட்டவையே.

இந்த அளவுகோலோடு நமது ஆர்மோனியத்தின் வரலாற்றைப் பாருங்கள். அது நம் மண்ணில் பிறந்த கருவியன்று. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் உருவாகி, மிஷனரிமாரோடும் வணிகர்களோடும் இந்தியாவுக்கு வந்தது. நாற்காலியில் அமர்ந்து, கால்களால் துருத்தியை மிதித்து அதை வாசிப்பார்கள். கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் 1875-இல் கையால் துருத்தியை இயக்கும் வடிவை உருவாக்கினார். அதன்பின் அது தரைக்கு இறங்கி, பாயில் அமர்ந்து பாடுகிற மக்களோடு தானும் அமர்ந்தது. நம் பாட்டன்மார் அதை ஏற்றுக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆயினும் அதற்கு ஒரு குறை இருந்தது. ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் கமகத்தை அதன் கட்டைகள் தர இயலாது. இந்த இசைக்குறையைச் சொல்லியே அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்துக்குத் தடை விதித்தது. 1970-களின் தொடக்கத்தில்தான் அது ஓரளவு தளர்ந்தது. அந்த ஆண்டுகளிலும் நம் ஆலயங்களில் ஆர்மோனியம் ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. சபையார் குரல் எடுத்துப் பாட அது துணை நின்றது. ஆகவே குறையுள்ள கருவியும் பயன்பட்டது. ஒரு காலத்தில் ஆர்மோனியமும் அந்நியக் கருவியாய் இருந்தது என்பதை மூத்தோர் நினைவில் கொள்ளவேண்டும். பாடுகிறவர்களுக்குத் துணை நின்றதனால்தான் அது நம்முடையதாயிற்று என்பதை வாலிபர் நினைவில் கொள்ளவேண்டும்.

இப்போது கடைகளில் இரண்டு வகைக் கருவிகளைக் காண்கிறோம். முதல்வகை அரேஞ்சர் கீபோர்டு. அதனுள்ளேயே ஒலிபெருக்கி இருக்கும். இடக்கையால் ஒரு கார்டைப் பிடித்தால் தாளமும் பேஸும் பின்னணியும் தானே எழும்பும். தனியாக வாசிப்பவருக்கும் பயிலுகிறவருக்கும் அது நல்ல கருவியே. இரண்டாம் வகை மேடைக் கீபோர்டு. பியானோ, ஆர்கன், வயலின் கூட்டம் முதலிய ஒலிகள் அதில் தரமாக இருக்கும். பெரும்பாலான மேடைக் கீபோர்டுகளில் ஒலிபெருக்கி இராது. மற்றவர்களின் ஒலியும் சேருகிற அதே மிக்ஸரின் வழியாகவே அதன் ஒலியும் சபையாரை வந்தடைய வேண்டும்.

ஒலிபெருக்கி இல்லாத கருவிக்கு இவ்வளவு விலையா என்று ஒரு சகோதரர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் பலர் கூடி வாசிக்கும் இடத்தில் அதுவே அதற்குப் பொருத்தமான அமைப்பு. அது தனித்து ஒலிக்கச் செய்யப்பட்டதன்று. கூட்டத்தோடு சேர்ந்து ஒலிக்கச் செய்யப்பட்டது.

தானே வாசிக்கும் தாளத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. நெசவாளர்களுக்கு இது எளிதில் விளங்கும். பாவில் ஓர் இழை அறுந்தால் கைத்தறியில் இருப்பவர் நிறுத்துவார்; இழையைப் பிணைத்த பிறகே நாடா மீண்டும் ஓடும். தறி நெய்கிறவருடைய கைக்காகக் காத்திருக்கும். நம் கீர்த்தனையும் அப்படிப்பட்டதே. அனுபல்லவி முடிந்து சரணம் எடுக்கும்முன் நம் தாய்மார்கள் மூச்சு வாங்குவார்கள்; துக்கத்தோடு வந்தவர் ஓர் அடியைத் திரும்பப் பாட விரும்புவார். கருவிக்குள் பதிந்த தாளம் அதை அறியாது. குறித்த வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும். டோலக் வாசிக்கும் நம் பெரியவரோ சபையாரின் முகம் பார்த்து வாசிக்கிறார். ஒரே பொத்தானால் அவருடைய வேலையைச் செய்துவிட முடியும். அப்படிச் செய்தால், அடுத்த ஞாயிறு அவர் தூணோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பணத்தை மிச்சப்படுத்தி ஓர் ஊழியரை இழப்பது சபைக்கு இலாபமாகாது.

ஆகவே இந்தக் குழுவுக்கு மேடைக் கீபோர்டே தக்கது என்பது என் எண்ணம். எதை வாங்குவது என்பதில் சில காரியங்களைக் கவனிக்க வேண்டும்.

பெரிய பியானோவுக்கு 88 கட்டைகள். பியானோவைப் போன்ற கனத்த விசை கொண்ட 88 கட்டைக் கருவிகள் பெரும்பாலும் 10 கிலோவுக்கு மேல் இருக்கும். நம் கருவியோ ஆலயத்தில் மட்டும் இருக்கப்போவதில்லை. கிளைச் சபைகளுக்கும் வீட்டு ஜெபக்கூட்டங்களுக்கும் கிறிஸ்மஸ் பவனிக்கும் ஆட்டோவிலே போகவேண்டும். எளிதில் தூக்கக்கூடிய 61 கட்டைக் கருவி நமக்குப் போதும். நாம் போகும் இடங்களில் மின்சாரம் தடைபடுவதும் உண்டு; எனவே பேட்டரியிலும் இயங்குமா என்று கேட்டுக்கொள்வது நலம்.

அடுத்தது சுருதி. நாம் 'ஐந்து கட்டை', 'ஐந்தரைக் கட்டை' என்று சொல்லும் கணக்கே ஆர்மோனியக் கட்டைகளை எண்ணிப் பிறந்ததுதான். சபையாருக்கு எட்டாத சுருதியில் தொடங்கினால், இரண்டாம் சரணத்துக்குள் பாதிப்பேர் வாய்மூடிவிடுவார்கள். சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் வசதி எளிதில் கைக்கு எட்ட வேண்டும். கீர்த்தனைக்கென, சுரத்தை வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரம் மென்மையாய் இயங்க வேண்டும். அதைக் கொண்டே கீபோர்டில் கமகத்தோடு கர்நாடக இசைக் கச்சேரி செய்கிறார் சென்னைக் கலைஞர் கே. சத்யநாராயணன். ஆர்மோனியத்தால் இயலாதது இதில் பயிற்சியினால் இயலும். மூத்தோருடைய கவலைக்கு இதுவும் ஒரு பதில்.

ஆயிரம் ஒலிகள் இருக்கின்றன என்ற விளம்பரத்தைப் பெரிதாக எண்ணவேண்டாம். ஆராதனையில் நாம் உபயோகிப்பவை ஏழோ எட்டோதான். அவை தெளிவாக இருக்கின்றனவா, பாட்டின் நடுவே ஒலியை மாற்றும்போது அறுபடாமல் மாறுகிறதா என்பதையே பார்க்க வேண்டும். கையிருப்புப் பணம் முழுவதையும் கருவிக்கே செலவிட்டுவிடவும் கூடாது. ஸ்டாண்டு, சஸ்டெயின் பெடல், உறை, நல்ல ஒயர், தேவைப்பட்டால் ஒரு ஒலிபெருக்கி ஆகியவற்றுக்கும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

கடைக்குச் செல்லும் குழுவில் வாலிபர் இருவரோடு பாடகர் குழுவின் தாய்மார்களில் ஒருவரும், டோலக் வாசிக்கும் பெரியவரும் போகட்டும். அங்கே ஒரு பாமாலையும் ஒரு கீர்த்தனையும் ஒரு புதுப்பாடலும் வாசித்துப் பார்க்கட்டும். தாய்மார் அதோடு பாடிப் பார்க்கட்டும். மூன்றுக்கும் துணை நிற்கும் கருவியே நம்முடையது.

வாங்கியபின் வாசிப்பவருக்கு ஒரு கடமை உண்டு. பேஸ் கிதார் ஒலிக்கும்போது இடக்கை அடங்கியிருக்க வேண்டும். சபையார் முழுக்குரலில் பாடும்போது கருவி தாழ்ந்து நிற்கவேண்டும். எப்போது வாசிக்காமல் இருப்பது என்பதைக் கற்றுக்கொள்ள விரல் பயிற்சியைவிட அதிக நாள் பிடிக்கும்.

சாலொமோன் கட்டிய ஆலயத்தின் பிரதிஷ்டையில் கைத்தாளங்களும் தம்புருகளும் சுரமண்டலங்களும் இருந்தன. பூரிகைகளை ஊதின ஆசாரியர் மாத்திரம் 120 பேர். அத்தனை பேரும் ஒரே சத்தமாய்க் கர்த்தரைத் துதித்தபோது ஆலயம் மேகத்தினால் நிறைந்தது. அங்கே ஒரு கருவி மற்றொன்றை வெளியே அனுப்பவில்லை. மகிமை இறங்கியபோது ஆசாரியர்களாலும் நின்று ஊழியம் செய்யக்கூடாமற்போயிற்று. இசை அவ்வளவு தூரம் நம்மை அழைத்துச் சென்றால் போதும்; அதன்பின் அது ஓய்ந்திருக்கலாம்.

பிரியமானவர்களே, வரும் நாட்களில் இதற்காக ஜெபியுங்கள். கொடுப்பவர்கள் மனமுவந்து கொடுங்கள். வாலிபர் மூத்தோருடைய பாடல்களைக் கேட்டுப் பழகட்டும். மூத்தோர் வாலிபருடைய கைகளை ஆசீர்வதிக்கட்டும்.

ஜெபம்: அன்பின் பரலோகப் பிதாவே, எங்கள் குரல்களையும் விரல்களையும் உமக்கே ஒப்புக்கொடுக்கிறோம். ஒருவரும் ஒதுக்கப்படாமல் நாங்கள் யாவரும் ஒரே சத்தமாய் உம்மைத் துதிக்கக் கிருபை தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.