வாடகை ஒப்பந்தமும் ஓர் அமானிதமே



கடல் கடந்து பிழைக்கச் செல்வது நம் சமுதாயத்துக்குப் புதிதன்று. ஆயினும் தனியாளாகச் சென்று பணம் அனுப்புவது வேறு. மனைவி மக்களை அழைத்துச் சென்று அயல்நாட்டில் வீடெடுத்து வாழ்வது வேறு. பின்னதில் பணக்கணக்கும் உண்டு, மறுமைக் கணக்கும் உண்டு.

2016ஆம் ஆண்டு துபாயில் மதரஸா ஆசிரியப் பணி கிடைத்து, குடும்பத்துக்கு விசா எடுக்க முனைந்தபோது, பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் வேண்டும் என்றார்கள். அப்பதிவின் பெயர் ‘எஜாரி’. ‘எனது வாடகை’ என்பது பொருள். ஃபிக்ஹு நூல்களில் ‘இஜாரா’ என்று நாங்கள் கற்பித்து வந்த பாடம், இப்போது எங்கள் வாழ்க்கைக்கே வந்து நின்றது.

அல்குஸைஸ் பகுதியில் ஓரறை கொண்ட ஸ்டூடியோ வீட்டுக்கு ஆண்டு வாடகை 36,000 திர்ஹம். நான்கு காசோலைகள். முதல் தவணை 9,000, வைப்புத்தொகை 1,800, தரகு 1,800, மின்சாரம் தண்ணீருக்கு முன்பணம் 2,000. சாவி கைக்கு வருமுன் 14,600 திர்ஹம் வேண்டும். எங்களிடம் அதில் பாதிகூட இல்லை.

நண்பர் ஒருவர் வழி சொன்னார்: 55,000 திர்ஹமுக்குப் படுக்கையறையுடன் கூடிய வீட்டை எடுத்து, அவ்வறையை நால்வருக்குத் தலா 800 என மாத வாடகைக்கு விட்டால், எங்கள் பங்கு ஆண்டுக்கு 16,600 மட்டுமே. முதல் தவணையைத் தாமே கடனாகத் தருவதாகவும் கூறினார். “ஹஜ்ரத், இங்கே பலரும் இப்படித்தான் இருக்கிறார்கள். யாரேனும் விசாரித்தால் சொந்தக்காரர்கள் என்று சொல்லிவிடுங்கள்” என்றார். அவர் நல்ல மனிதர். எங்கள் சிரமம் கண்டே சொன்னார்.

ஆனால் உரிமையாளரின் எழுத்துப்பூர்வ அனுமதியின்றி உள்வாடகைக்கு விடக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்தது. துபாயின் 2007ஆம் ஆண்டு 26ஆம் எண் வாடகைச் சட்டமும் அதையே கூறுகிறது. மீறினால் வீட்டைக் காலி செய்ய வைக்கலாம். வாடகைக்கு எடுத்தவர் அதன் பயனைப் பிறருக்குத் தரலாம் என்று ஃபகீஹ்கள் பலர் கூறியிருப்பது உண்மையே. எனினும் அவ்வாறு செய்வதில்லை என ஒப்புக்கொண்டு கையொப்பமிட்ட பின், அந்த நிபந்தனை நம்மைக் கட்டுப்படுத்தும்.

தரகர் மூலம் அனுமதி கேட்டுப் பார்த்தோம். உரிமையாளர் மறுத்தார். அன்றிரவு கீழக்கரைக்குத் தொலைபேசியில் பேசியபோது எங்கள் இல்லத்தரசி கேட்டார்: “முன்பின் அறியாத நால்வரைச் சாச்சா என்று சொல்லும்படி பிள்ளைகளைப் பழக்க வேண்டியிருக்குமே. காலையில் பொய் சொல்லச் சொல்லிவிட்டு, மாலையில் எப்படிக் குர்ஆன் ஓதிக் கொடுப்பீர்கள்?”

அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. மதரஸா தந்த அறையிலேயே தங்கி, பிள்ளைகளின் முகத்தைக் கைப்பேசியில் மட்டும் கண்டு, ஒன்பது மாதங்கள் சேமித்தோம். அக்காலத்தில் இளைய மகள் ஓதத் தொடங்கினாள்; அருகிருந்து கேட்க இயலவில்லை. அந்த விலையைக் குறைத்துச் சொல்ல நாங்கள் விரும்பவில்லை. பின்னர் அல்லாஹ்வின் கிருபையால் அந்த ஸ்டூடியோவுக்கே குடிபுகுந்தோம்.

குடும்பத்துடன் செல்வோருக்குச் சில சொற்கள். கையொப்பமிடுமுன் ஒப்பந்தத்தை முழுவதும் படியுங்கள். எஜாரி பதிவின்றிக் குடியேறாதீர்கள். ஆண்டு வாடகையில் 5 விழுக்காடு வீட்டுவரியாக மின் கட்டணத்துடன் மாதந்தோறும் வரும். 36,000 வாடகைக்கு அது மாதம் 150 திர்ஹம். கணக்கில் இருக்கும் பணத்தை மீறிக் காசோலை எழுதாதீர்கள். முதல் நாளே சுவர், குழாய், கதவு அனைத்தையும் படம் எடுத்து வையுங்கள். இஜாராவில் வீடு குடியிருப்பவர் கையில் அமானிதம். அவரது வரம்புமீறலோ அலட்சியமோ இன்றி நேர்ந்த சேதத்துக்கு அவர் பொறுப்பல்லர் என்பது ஃபிக்ஹு. அதை நிரூபிக்க அப்படங்கள் உதவும்.

வல்ல ரஹ்மான் நம் இல்லங்களை, அவை வாடகை வீடுகளாயினும், வாய்மை குடியிருக்கும் இல்லங்களாக ஆக்கியருள்வானாக. ஆமீன்.