பஸ்ஸில் வந்தவர்கள்

2022 மே 9, திங்கட்கிழமை. ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷவை விலகச் சொல்லிக் கொழும்பு காலிமுகத்திடலில் ‘கோட்டா கோ கம’ என்ற கூடார ஊர் முளைத்துச் சரியாக ஒரு மாதம். மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற வயோதிபர்கள் சிலர் அந்த வரிசையிலேயே விழுந்து செத்திருந்தார்கள். நான் அங்கே நூலகக் கூடாரத்தில் தமிழ்ப் புத்தகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவள்.

அன்று முற்பகல் அலரி மாளிகையில் பிரதமர் மகிந்த ராஜபக்ஷவுக்கு ஆதரவுக் கூட்டம். வெளியூர்களிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்களை ஏற்றி வந்திருந்தார்கள். கூட்டம் முடிந்து வெளியே வந்தவர்கள் முதலில், மகிந்தவை விலகச் சொல்லி வாசலில் போட்டிருந்த ‘மைனா கோ கம’ கூடாரங்களைப் பிய்த்தெறிந்தார்கள். பிறகு காலி வீதி வழியாக எங்களை நோக்கி வந்தார்கள். பொலிஸ் வரிசை ஒன்று நிற்கத்தான் செய்தது. பொல்லுகளோடு வந்தவர்கள் அதைத் தாண்டி வர அதிக நேரம் பிடிக்கவில்லை. கண்ணீர்ப்புகையும் தண்ணீர்ப் பீச்சலும் வந்தபோது கூடாரங்கள் எரிந்துகொண்டிருந்தன. மண்டை உடைந்த ஒருவரை மடியில் கிடத்தி, தன் சேட்டைக் கிழித்துக் கட்டுப்போட்டான் ஒரு சிங்களப் பையன். எங்கள் கூடாரத்துக்கு நாவல் கேட்டு வருகிறவன்.

செய்தி பரவியதும் கொழும்பு தெருவுக்கு வந்தது. கந்தோர்களை விட்டு இறங்கினார்கள். வைத்தியசாலை ஊழியர்களும் வந்தார்கள். மகிந்த பதவி விலகினார். ஊரடங்கு போட்டார்கள், ஒருவரும் மதிக்கவில்லை. வாகனம் கிடைக்காமல் கொம்பனித்தெரு பக்கமாக நடந்தேன்.

பேரவாவிக் கரையில் பஸ்களை மறித்திருந்தார்கள். இறக்கியவர்களை உள்ளாடையோடு நிறுத்தி, அடித்து, தண்ணீருக்குள் தள்ளினார்கள். அந்த வாவியின் நாற்றம் கொழும்பாருக்குத் தெரியும். உள்ளே நின்றவர்களில் ஒருவருக்கு என் அப்பாவின் வயதிருக்கும். இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டபடி இருந்தார். பகலில் அவர் பொல்லுப் பிடித்தாரா, சோற்றுப் பார்சலுக்கு வந்தாரா என்று விசாரிக்க அங்கே ஒருவருக்கும் பொறுமை இல்லை. கரை முழுக்கக் கைத்தொலைபேசிகள். ஒருவர் ஏறப் பார்த்தால் திரும்பத் தள்ளுவார்கள், சிரிப்பார்கள். தள்ளியவர்களில் அந்த நாவல் வாசிக்கிற பையனும் இருந்தான், சேட் இல்லாமல்.

“எல்லாரும் அடிச்சவங்களா?” என்று சிங்களத்தில் கேட்டேன்.

“பஸ்ஸில வந்தவங்க, அக்கே. அது போதாதா?”

1983 ஜூலையில், தமிழர்களைத் தேடி அடித்த கலவரத்தின்போது, அம்மாவுக்கு 19 வயது. கொள்ளுப்பிட்டியில் பஸ்ஸை மறித்தபோது பக்கத்து இருக்கைச் சிங்களப் பெண் “என் தங்கச்சி” என்று சொன்னதால் உயிர் தப்பியவர். பிறகு பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாம், அங்கிருந்து கப்பலில் காங்கேசன்துறை. 83இல் செத்தவர்கள் எவரையும் அடிக்கப் போனவர்கள் அல்ல. மே 9ஐ அதனோடு ஒப்பிட்டால் எனக்கே கோபம் வரும். ஆனால் அன்றிரவு வெள்ளவத்தை வீட்டில் அந்த வாவி வீடியோவைப் பார்த்த அம்மா, “நிப்பாட்டு பிள்ளை” என்று எழும்பிப் போய்விட்டார். ராஜபக்ஷக்களுக்கு அவர் ஒருநாளும் இரங்கியவர் அல்ல. மெதமுலனவில் அவர்களின் பூர்வீக வீடு எரிந்ததைச் சொன்னபோது முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நிட்டம்புவவில் பாராளுமன்ற உறுப்பினர் அமரகீர்த்தி அத்துக்கோரளவையும் அவருடைய பாதுகாப்பு உத்தியோகத்தரையும் கும்பல் கொன்றதைச் சொன்னபோது, பாதுகாப்புக்குப் போனவனுக்குப் பிள்ளைகள் இருக்கா என்று மட்டும் கேட்டார்.

எங்களை அடிக்க ஆளனுப்பியவர்களே முதற் குற்றவாளிகள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. பொலிஸ் பகலிலும் பார்த்துக்கொண்டு நின்றது, மாலையிலும் நின்றது. ஆனால் அடுத்த நாட்களில் வாவிக்குள் நின்றவர்களின் படங்களைப் பகிடித் துணுக்குகளாக எனக்கு அனுப்பியவர்கள் பொலிஸ்காரர்கள் அல்ல. நன்றாகப் படித்த நண்பர்கள். மனித உரிமை பேசுகிறவர்கள்.

மே 18, போரின் கடைசி நாட்களில் இறந்த தமிழர்களின் நினைவாக, திரும்பக் கட்டிய கூடாரங்களுக்கு நடுவே முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சினோம். காலிமுகத்திடலில் அப்படியொன்று நடக்கும் என்று முந்தைய ஆண்டு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். சிங்களவர்களும் வந்து வாங்கிக் குடித்தார்கள், பிக்குகள் உட்பட. அம்மாவும் வந்தார். அந்தப் பையனுக்குப் பின்னால்தான் நின்றார்; அவன் யார் என்று நான் சொல்லவில்லை. கஞ்சிக்கும் பெற்றோல் மாதிரி வரிசையோ என்று அலுத்துக்கொண்டார். அவன் திரும்பிப் பார்த்து, “நீங்க முன்னுக்கு வாங்க, அம்மே” என்று இடம் விட்டான்.