எந்த வகுப்பில் உட்காருவது?

உபாத்தியாயர் தொழிலில் இருப்பவனுக்கு ஓர் அசௌகரியம் உண்டு. உறவினர் வீட்டுப் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி எந்தச் சந்தேகம் எழுந்தாலும் அவனிடந்தான் வருவார்கள். அந்த விஷயம் அவனுக்குத் தெரியுமா, தெரியாதா என்று ஒருவரும் யோசிப்பதில்லை. இருபது வருஷமாகக் கணக்குச் சொல்லிக் கொடுப்பவனுக்கு இது கூடவா தெரியாது என்பது அவர்கள் எண்ணம்.

சென்ற கோடை விடுமுறையில் என் அக்காள் டிக்கெட்டு அனுப்பி என்னை அமெரிக்காவுக்கு வரவழைத்தாள். நியூ ஜெர்ஸியில் அவள் குடியேறி வெகு காலம் ஆகிறது. அத்தான் காலமான பிறகு நான் அங்கே போனது அதுவே முதல் தடவை. போன மறுநாளே சமையலறை மேஜையின் மேல் ஒரு காகிதக் கட்டைப் பரப்பி, "தம்பி, இவளுக்கு ஒரு வழி சொல்லு" என்றாள்.

அவள் மகளுக்கு வைத்தியம் படிக்க வேண்டுமென்பது சிறு வயதிலிருந்தே ஆசை. நம் நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் மருத்துவக் கல்லூரியில் சேரலாம். அங்கே நான்கு வருஷம் படித்து ஒரு பட்டம் பெற்ற பிறகே பொதுவாக அந்தக் கதவைத் தட்ட முடியும். உள்ளே சென்றால் மறுபடியும் நான்கு வருஷம். பிள்ளைகளை இப்படிக் காக்க வைப்பது யார் செய்த ஏற்பாடு என்று விசாரித்தால், அதில் என்னைப் போன்ற ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்கும் பங்குண்டு! கென்டக்கி மாகாணத்து லூயிவில் நகரில் பள்ளிக்கூடம் நடத்திய ஆபிரகாம் பிளெக்ஸ்னர் என்பவர் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 வைத்தியப் பள்ளிகளைப் பரிசீலித்து, 1910-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார். அவர் வைத்தியரே அல்லர். அடிப்படை விஞ்ஞானம் கல்லாதவனுக்கு வைத்தியம் கற்பிப்பது வீண் என்பது அவர் கட்சி. குறைந்தது இரண்டு வருஷக் கல்லூரிப் படிப்பாவது வேண்டும் என்றார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வைத்தியப் பள்ளியோ 1893-ல் திறந்தபோதே பட்டதாரிகளைத்தான் சேர்த்துக்கொண்டது. நாளடைவில் அதுவே நாடெங்கும் வழக்கமாயிற்று.

எங்கள் பெண் பட்டம் வாங்கிவிட்டாள். ஆனால் அவள் கல்லூரியின் இரண்டாம் வருஷத்தில்தான் அத்தான் படுக்கையில் விழுந்தார். பகலில் வகுப்பு, இரவில் ஆஸ்பத்திரி நாற்காலி. அந்த வருஷத்து மார்க்குகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 4-க்கு 3.2 என்பது நான்கு வருஷத்துச் சராசரி. 2023-ல் அந்நாட்டு எம்.டி. பள்ளிகளுக்கு 52 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மனுச் செய்தனர். இடம் கிடைத்துச் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 23 ஆயிரம் பேர். அவர்களுடைய சராசரி 3.77.

இப்படிப் பின்தங்கியவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பட்டம் வாங்கிய பிறகும் கல்லூரிக்குத் திரும்பி, இளங்கலை மாணவர்களோடு உட்கார்ந்து விஞ்ஞானப் பாடங்களை மேலும் படிப்பது. மற்றொன்று, வைத்தியப் பிரவேசத்துக்கென்றே ஏற்பட்ட எம்.எஸ். வகுப்பு. வாஷிங்டனிலுள்ள ஜார்ஜ்டவுன் சர்வகலாசாலை போன்ற இடங்களில் இவ்வகுப்பு மாணவர்கள் வைத்தியப் பள்ளியின் முதல் வருஷப் பாடங்களையே படிக்கிறார்கள். அதில் நன்றாகத் தேறினால், 'இவன் வைத்தியப் படிப்பைத் தாங்குவான்' என்பதற்கு அதைவிட அத்தாட்சி வேண்டாம். தேறாவிட்டாலோ, தாங்கமாட்டான் என்பதற்கும் அதுவே அத்தாட்சி! செலவும் ஒரு வருஷத்துக்கே பல பதினாயிரம் டாலர்.

அக்காளுக்கு எம்.எஸ். பேரில்தான் நாட்டம். "பட்டம் வாங்கின பெண் மறுபடியும் கீழ் வகுப்பில் போய் உட்காருவதா? நாலு பேர் கேட்டால் என்ன சொல்வது?" என்றாள். பணத்துக்கு என்ன செய்வது என்று கேட்டேன். அவள் சற்றுத் தயங்கி, "கும்பகோணத்து வீட்டில் என் பாகம் இருக்கிறதே" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வீட்டில்தான் நானும் என் மனைவி மக்களும் வசிக்கிறோம். அவள் பாகத்தை நான் விலைக்கு வாங்குவதென்பது என் சம்பளத்தில் நடக்கிற காரியமல்ல. ஆகவே வீட்டையே விற்க வேண்டியதுதான்.

அன்றிரவு காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். 120 பாட அலகுகளில் 3.2 சராசரி என்றால் மொத்தம் 384. இன்னும் ஒரு வருஷம் 30 அலகுகள் படித்து, ஒன்று விடாமல் முழு மதிப்பெண் வாங்கினாலும் சேருவது 120. 504-ஐ 150-ஆல் வகுத்தால் 3.36. ஒரு வருஷத்து உழைப்புக்கு இவ்வளவுதானா என்று கணக்கு வாத்தியாருக்கே துக்கம் வந்தது. எம்.எஸ். மார்க்குகளோ இந்தச் சராசரியில் சேருவதே இல்லை. அவற்றைத் தனியாகக் காட்டுவார்கள். ஆனால் மனுவில் வருஷவாரியாகவும் மார்க்கு உண்டு. பிற்பட்ட வருஷங்களில் ஏறுமுகமாக இருப்பதைப் பார்ப்பவர்கள் பார்ப்பார்கள்.

கீழ் வகுப்பே நல்லது என்று என் மனம் சொல்லிற்று. உடனே ஒரு சந்தேகமும் பிறந்தது. இது குழந்தையின் நன்மைக்காகச் சொல்லும் யோசனையா, என் வீட்டுத் திண்ணைக்காகச் சொல்லும் யோசனையா? எத்தனை புரண்டு படுத்தும் அதற்கு விடை கிடைக்கவில்லை.

காலையில் அக்காளிடம், "வீட்டை விற்க எனக்குச் சம்மதம். எந்தப் பத்திரத்தில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அதைச் சொல்லாமல் இந்த விஷயத்தில் நான் வாய் திறப்பது நியாயமல்ல" என்றேன். அவள் கண்களில் நீர் வந்துவிட்டது. பிறகு பெண்ணைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "அம்மா, நாளைக்கே உன்னை வைத்தியப் பள்ளி மாணவர்களோடு உட்கார வைத்தால் பாடம் விளங்குமா?"

அவள் வெகு நேரம் பேசவில்லை. "ஆர்கானிக் கெமிஸ்ட்ரி விளங்காது, மாமா. அந்த வருஷம் காதில் விழுந்ததே தவிர மனசில் ஏறவில்லை. மனப்பாடம் பண்ணித் தாண்டிவிட்டேன். அதனால் பயோகெமிஸ்ட்ரியும் ஆட்டந்தான்" என்றாள்.

என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. பி.எஸ்ஸி.யில் ஒரு பகுதி புரியாமலே, பெயருக்குப் பின்னால் நீளமாக எழுதிக்கொள்ளும் ஆசையால் எம்.எஸ்ஸி.யில் சேர்ந்தவன் நான். பல வருஷங்களுக்குப் பிறகு ஒரு பையன் வகுப்பில் எழுந்து அந்த இடத்திலேயே கேள்வி கேட்டான். சுண்ணாம்புக் கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நான் விழித்த விழி இன்னும் மறக்கவில்லை. அஸ்திவாரம் சரியாக இருந்து, மார்க்கு மட்டும் குறைந்து, எவ்வளவு படித்தாலும் சராசரி நகராது என்ற நிலையில் இருப்பவர்களுக்கு எம்.எஸ். ஏற்றதே. ஓட்டை அடியில் இருக்கும்போது மாடி கட்டிப் பயன் என்ன? அடியைச் செப்பனிட்ட பிறகும் தேவையானால், எம்.எஸ். எங்கும் ஓடிப் போகாது.

இதைச் சொன்னேன். முடிவு செய்தவள் அவளே. இப்போது பகலில் ஒரு வைத்தியரிடம் குறிப்பெழுதும் வேலை. மாலையில் மாகாணக் கல்லூரி. வகுப்பில் எல்லாரும் பத்தொன்பது வயதுப் பிள்ளைகள். முதல் நாள் பக்கத்துப் பையன் அவளை உதவி ஆசிரியை என்று நினைத்து எழுந்து நின்றானாம். சென்ற மாதம் அவனுக்கு ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் புரியாத ஓர் இடத்தை இவள் விளக்கினாளாம். "விளக்கும்போதுதான் மாமா, எனக்கே விளங்கியது தெரிந்தது" என்று எழுதியிருக்கிறாள்.

அவளுக்கு இடம் கிடைக்குமா என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. வீட்டுப் பத்திரம் அலமாரியில்தான் இருக்கிறது. அதன் சாவி எங்கே இருக்கிறதென்று என் மனைவிக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.