காற்றை வெளியேற்றுவது

லைட்டர் பற்றவில்லை என்றால் 'செத்துப் போச்சு' என்று உடனே சொல்லிவிடுகிறோம். கவிதையைப் பற்றியும் நாவலைப் பற்றியும் நம்மிடையே இதே தோரணையில் தீர்ப்புகள் வருவதுண்டு. அதை இங்கே வளர்த்த விருப்பமில்லை. லைட்டர் விஷயத்தில் தீர்ப்புக்கு முன் கேட்க வேண்டியவை மூன்று. பொறி வருகிறதா? வாயு வருகிறதா? இரண்டும் வந்தும் பற்றவில்லையா? இருட்டில் சக்கரத்தைத் தேய்த்துப் பார்த்தால் முதலாவது தெரிந்துவிடும். சக்கரத்தைத் தொடாமல் கட்டையை மட்டும் அழுத்திக் காதருகே பிடித்தால் உஸ்ஸென்று கேட்கும், அல்லது கேட்காது. இவ்வளவுகூடச் செய்யாமல்தான் பெரும்பாலான லைட்டர்கள் குப்பைக்குப் போகின்றன.

என்னிடம் இருப்பது நண்பர் ஒருவருடையது. எண்பதுகளில் சென்னை பர்மா பஜாரில் வாங்கியது. ஜப்பான் சரக்கு, கனமான பித்தளை உடம்பு, வாயு தீர்ந்தால் நிரப்பிக்கொள்ளலாம். மாமல்லபுரத்தில் உளிச் சத்தம் ஓயாத ஒரு தெருவில் அவர் குடியிருந்தார். மொத்தம் பத்துப் பன்னிரண்டு கவிதைகள் எழுதியிருப்பார். நுரையீரல் கெட்டு இறந்துபோனார். இரண்டு வருஷங் கழித்து அவர் மனைவி லைட்டரை என்னிடம் கொடுத்தார். 'வீட்டுல வச்சிக்கவும் முடியல, தூக்கிப் போடவும் மனசு வரலண்ணா.' நான் அதற்கு வெகுகாலம் முன்பே புகைப்பதை விட்டிருந்தேன். அது அவருக்கும் தெரியும்.

அந்த இரண்டு வருஷமும் கடலோர வீட்டின் மேஜை அறையில் கிடந்ததில் லைட்டரின் கல் உப்பிப் பொடிந்து, குழாயோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கல் என்று நாம் சொல்வது கல் அல்ல, உலோகக் கலவை. சீரியமும் அதன் கூட்டாளி உலோகங்களும் ஏறக்குறைய 70 பங்கு, இரும்பு 30 பங்கு. ஈரக் காற்றில் நாளாவட்டத்தில் சாம்பல் நிறப் பொடியாகிவிடும். அடித் திருகைக் கழற்றி, ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, மெல்லிய கம்பியால் குழாயைச் சுரண்ட வேண்டும். சக்கரத்தின் பல்லிடுக்கில் அப்பியிருப்பதைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். எண்ணெய் விடலாகாது, எண்ணெய் பட்டால் பொறி வராது.

இந்தக் கல்லை 1903இல் செய்தவர் ஆஸ்திரியாவின் கார்ல் ஆயர் ஃபான் வெல்ஸ்பாக். கல்யாண ஊர்வலங்களில் நாம் பார்த்த பெட்ரோமாக்ஸ் மேன்டிலுக்கு மூலமும் அவருடைய கண்டுபிடிப்புத்தான். மேன்டிலுக்குத் தோரியம் வேண்டும். தோரியம் மோனசைட் மணலில் இருக்கிறது. தோரியத்தை எடுத்த பிறகு மலையாகக் குவிந்த கழிவை என்ன செய்வது என்ற யோசனையில் பிறந்ததுதான் லைட்டர் கல். அந்த மணல் நம்மிடமும் உண்டு. அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த மணவாளக்குறிச்சிக் கரையில் அது இருப்பதை 1909இல் ஷாம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டார். மேன்டில் காலம் முடிந்துபோயிற்று, தோரியத்தின் காலம் முடியவில்லை. மாமல்லபுரத்துக்குச் சற்றுத் தெற்கே கல்பாக்கத்தில் 1996 முதல் இயங்கிய காமினி என்ற சிறிய உலைக்கு எரிபொருள் தோரியத்திலிருந்து ஆக்கிய யுரேனியம் 233. நண்பர் இதையெல்லாம் அறிந்திருந்தால் ஒரு கவிதை கெட்டிருக்கும்.

புதுக் கல் போட்டதும் பொறி வந்தது. ஆனால் வாயு எவ்வளவு அடைத்தும் நாலு தடவைக்கு மேல் பற்றவில்லை. செங்கல்பட்டில், குடை, டார்ச், பூட்டு என்று கைக்கு வந்ததையெல்லாம் சரிசெய்யும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் லைட்டரைத் தண்ணீர்க் கிண்ணத்தில் அமிழ்த்திப் பார்த்தார், சைக்கிள் கடையில் டியூபைப் பார்ப்பதைப் போல. குமிழி வரவில்லை. 'வாஷர் நல்லாகீது. உள்ள காத்து நிக்குது சார். காத்த எறக்காம கேஸ் ஏறாது.'

அந்த வாக்கியத்தின் பௌதிகம் எனக்குப் பிற்பாடு விளங்கியது. டப்பாவும் லைட்டரும் ஒரே சூட்டில் இருந்தால் இரண்டிலும் வாயுவின் அழுத்தம் ஒன்றே. ஒன்றை மற்றொன்று தள்ளாது. திரவம் தன் கனத்தால் இறங்கினால்தான் உண்டு. லைட்டருக்குள் காற்றும் மாட்டிக்கொண்டிருந்தால் அதன் அழுத்தமும் சேர்ந்துகொண்டு வருவதை எதிர்த்துத் தள்ளும். ஆகவே முதலில் லைட்டரைத் தலைகீழாகப் பிடித்து, அடியிலுள்ள வால்வைச் சின்னத் திருப்புளியால் சீறல் அடங்கும்வரை அழுத்த வேண்டும். வெட்டவெளியில்தான், பியூட்டேன் காற்றைப்போல் இரண்டு மடங்கு கனம், அறைக்குள் தரையோடு தேங்கி நிற்கும். சுடரைக் கூட்டிக் குறைக்கும் திருகைக் கடைசிவரை குறைத்துவிட வேண்டும். லைட்டரைக் கொஞ்ச நேரம் குளிர்ப்பெட்டியில் வைத்தால் உள்ளழுத்தம் தணியும். பிறகு டப்பாவை அதன்மேல் நேர்செங்குத்தாகக் கவிழ்த்து, ஒரே அழுத்தாக நாலைந்து வினாடி. விட்டுவிட்டுக் குத்துவது காற்றை மறுபடி உள்ளே விடுகிற வேலை. முடிந்ததும் ஐந்து நிமிஷமாவது சும்மா இருக்க வேண்டும்; சிந்தியது ஆவியாகிப் போகட்டும், உள்ளே இருப்பது அறைச் சூட்டுக்கு வரட்டும். இந்த ஐந்து நிமிஷந்தான் எல்லோருக்கும் கஷ்டமாக இருக்கிறது.

பியூட்டேன் கொதிப்பது பூஜ்யம் டிகிரிக்கும் சற்றுக் கீழே. 20 டிகிரியில் அதன் அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் 2 மடங்கு, 40 டிகிரியில் ஏறக்குறைய 4 மடங்கு. மார்கழி விடியலில் சரியாக வைத்த திருகு, அக்கினி நட்சத்திரத்தில் செங்கல்பட்டு ரயில் நிலையத்து வாசலில் புருவத்தைக் கருக்கும். கடற்கரையில் பிரச்னை வேறு. அங்கே காற்று சுடரைத் துளையிலிருந்து பெயர்த்துக்கொண்டு போய்விடும். லைட்டரில் பழுது இருக்காது. நண்பர் மேல்சட்டைக்குள் தலையை விட்டுக்கொண்டு பற்றவைப்பார்.

இந்தக் கரையில் காற்றுக்கு எதிராக நெருப்பைக் காப்பது பழைய காரியம். பெரும்பாணாற்றுப்படையில் உருத்திரங்கண்ணனார் காட்டும் நீர்ப்பெயற்றுத் துறையில் மரக்கலங்களுக்கு வழிகாட்ட இரவில் விளக்கேற்றும் உயர்ந்த மாடம் ஒன்று வருகிறது. அந்தத் துறை மாமல்லபுரந்தான் என்று சொல்கிறவர்கள் உண்டு. அது எப்படியானாலும், இப்போதைய கலங்கரை விளக்கம் எழும்புமுன் மகிஷாசுரமர்த்தினி குகைக்கு மேலே பாறையுச்சியில் இருக்கும் பல்லவர் கோயிலின் தலையில்தான் விளக்கு இருந்தது. அங்கே எண்ணெயையும் திரியையும் கவனித்துக்கொண்டிருந்தவர்களைப் பற்றி யாரும் எழுதிவைக்கவில்லை. விமானத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்.

பெரியவரின் தொழில் இப்போது இல்லை என்றே சொல்லலாம். 10 ரூபாய் பிளாஸ்டிக் லைட்டரை ரிப்பேர் செய்யக் கொண்டுவருபவர் யார்? தீப்பெட்டிக்கும் அதனால்தான் சிரமம். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்றுவந்து சிவகாசியில் தொடங்கிய தொழில் அது. 14 வருஷம் 1 ரூபாயாகவே இருந்த பெட்டி 2021 டிசம்பரில்தான் 2 ரூபாயானது. ஒரு லைட்டர் 20 தீப்பெட்டிகளின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்று 2022இல் தமிழக முதல்வர் மத்திய அரசுக்கு எழுதினார். 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதி 2023இல் தடை செய்யப்பட்டது. பாகங்களாக வந்து இங்கே பூட்டப்பட்டன. 2024இல் பாகங்களுக்கும் தடை. நிரப்பக்கூடியது, நிரப்ப முடியாதது என்ற பேதம் இல்லாமல் இரண்டின் பாகங்களுமே அதில் அடக்கம். சட்டத்தின் நோக்கம் நியாயமானது. கோவில்பட்டி, சாத்தூர்ப் பெண்களின் கூலி அதில் இருக்கிறது. ஆனால் வருஷக்கணக்கில் வைத்துப் பழுதுபார்க்கிற பொருளும் வீசியெறிகிற பொருளும் ஒரே வரியில் வருவது எனக்கு உறுத்துகிறது.

என்னுடைய காரியத்திலும் ஓர் உறுத்தல் இருக்கிறது. நண்பரைக் கொன்றதில் இந்த லைட்டருக்குப் பங்கில்லை என்று சொல்ல முடியாது. ஒரு நாளைக்கு முப்பது தடவை, நாற்பது வருஷம். அதற்கு நான் கல் மாற்றுகிறேன், காற்றெடுக்கிறேன். அவர் கவிதைகளைத் தொகுக்க வேண்டும் என்று பேசியவர்கள் கலைந்துபோனார்கள், லைட்டர் எரிகிறது. இதை விசுவாசம் என்று எவராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்; ஓடக்கூடிய இயந்திரத்தை ஓடாமல் விட்டுவைக்கக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

சென்ற கார்த்திகை தீபத்தன்று அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் அகல்களை வரிசையாக வைத்துவிட்டு அவர் மனைவி தீப்பெட்டியோடு காற்றிடம் போராடிக்கொண்டிருந்தார். லைட்டரை எடுத்து நீட்டினேன். அடையாளம் கண்டுகொண்டார்.

'எரியுதா?'

'எரியுது.'

'வேணாண்ணா. அந்த டிக் சத்தம் கேட்டா, அடுத்து இருமல் வரும்னு காது காத்துக்கிட்டே இருக்கு.'

பைக்குள் போட்டுக்கொண்டேன். அவர் ஒவ்வொரு குச்சியாக உரசினார்; நான் இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு நின்றேன். ஆறு அகல்களுக்கு ஒன்பது குச்சி ஆயிற்று.